சிங்கப்பூர் – நியூயார்க் தூரம் 15,300 கி.மீ-யா 16,700 கி.மீ-யா? நேரக் கணக்கும் இடிக்குது

தூக்கம்கெட்டவன்:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு நாளா மண்டைய குடையுற ஒரு விஷயம், தெரிஞ்சவங்க யாராவது விளக்கினா புண்ணியமாப் போகும்.

ஜனவரில வேலை விஷயமா சிங்கப்பூர்லேர்ந்து நியூயார்க் போகணும். நடுவுல எங்கயும் நிக்காமப் போற ஃப்ளைட்ல டிக்கெட் போட்டுக் குடுத்துட்டாங்க. நான் இதுவரைக்கும் அஞ்சாறு மணி நேரத்துக்கு மேல ஃப்ளைட்ல உக்காந்ததே இல்ல, அதனால எவ்ளோ தூரம் எவ்ளோ நேரம்னு முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கலாம்னு தேட ஆரம்பிச்சேன், அங்கதான் குழப்பமே. தூரம் காட்டுற ஒரு சைட்ல ரெண்டு ஏர்போர்ட்டையும் போட்டுப் பார்த்தா 15,349 கி.மீ-ன்னு வருது. இன்னொரு இடத்துல இதே ரூட்டுக்கு 16,700 கி.மீ-ன்னு போட்டிருக்கு. பத்து இருபது கி.மீ வித்தியாசம்னா ஏர்போர்ட் வேறயா இருக்கும்னு விட்டுடலாம், இது 1,350 கி.மீ, எங்கேர்ந்து வந்துச்சு?

சரி நேரத்தையாவது கண்டுபிடிப்போம்னு ஃப்ளைட் மணிக்கு 900 கி.மீ போகும்னு வச்சு வகுத்தேன். 15,349-க்கு 17 மணி நேரம் வருது. 16,700-க்கு 18 மணி 33 நிமிஷம் வருது. டிக்கெட்ல 18 மணி 45 நிமிஷம்னு இருக்கு. எதுவுமே ஒட்டல. இதுக்கு மேல நைட்டு 12 மணிக்கு கிளம்பி அதே தேதி விடிகாலை 5.45-க்கு இறங்குதுன்னு வேற போட்டிருக்கா, முதல்ல பார்த்தப்போ ஆறு மணி நேரத்துல போயிடும் போலன்னு ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன், யாரும் சிரிக்காதீங்க.

கூட வேலை பாக்குறவர் ஒருத்தர் வட துருவத்து மேலதான் போகும்னு அடிச்சு சொல்றார். மேப்ல பார்த்தா துருவம் எங்கயோ உச்சில இருக்கு, அங்க எதுக்குய்யா போகணும்? நேரா இடப்பக்கமோ வலப்பக்கமோ கோடு போட்ட மாதிரி போனா ஆகாதா?

---

கணக்குப்பிள்ளை:

உங்க ஆபீஸ் நண்பர் சொன்னது பாதி சரி பாதி தப்பு. அந்த 15,349 எங்கேர்ந்து வந்துச்சுன்னு மொதல்ல பாத்துடுவோம், அது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா விளங்கும்.

சுவத்துல மாட்டுற மேப்பை மறந்துடுங்க. உருண்டையா இருக்குறதை உரிச்சுத் தட்டையா ஒட்டினது அது, மேல போகப் போக எல்லாத்தையும் இழுத்துப் பெருசாக் காட்டும். வீட்டுல பசங்க வச்சிருக்குற குளோப் ஒண்ணு எடுத்துக்கோங்க, ஒரு நூலோட ஒரு முனைய சிங்கப்பூர்ல வச்சு அழுத்திப் பிடிச்சு, மறு முனைய நியூயார்க் மேல வச்சு நல்லா இழுத்துப் பிடிங்க. நூல் தானா வழுக்கி எது ரொம்பக் குறைச்சலான வழியோ அதுல போய் உக்காந்துக்கும். அதுக்குப் பேருதான் கிரேட் சர்க்கிள். தூரம் காட்டுற சைட் எல்லாமே இந்த நூலோட நீளத்தைத்தான் காட்டுது, விமானம் பறந்த தூரத்தை இல்ல.

இந்த ரெண்டு ஊருக்கும் ஒரு விசேஷம் இருக்கு. சிங்கப்பூர் கிழக்கு தீர்க்கரேகை 104 டிகிரில இருக்கு, நியூயார்க் மேற்கு 74-ல இருக்கு. ரெண்டையும் கூட்டுங்க, 178. அதாவது கிட்டத்தட்ட 180, உருண்டைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம். அப்படி இருந்தா குறுக்கு வழி துருவத்தை ஒட்டித்தான் போகும், வேற வழியே இல்ல. அதனால பெரிய சூத்திரம் ஒண்ணும் இல்லாம பேனா பேப்பர்லயே போடலாம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு மேல 1.4 டிகிரி, அங்கேர்ந்து துருவம் 88.6 டிகிரி. நியூயார்க் 40.6 டிகிரி, துருவத்துலேர்ந்து அதுக்கு இறங்க 49.4. மொத்தம் 138 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. பெருக்கிப் பாருங்க, 15,346 வரும். சைட் காட்டுறதுக்கும் இதுக்கும் மூணே கி.மீ வித்தியாசம், அதுவும் பூமி சரியான உருண்டை இல்லாம இடுப்புல கொஞ்சம் பெருத்து துருவத்துல கொஞ்சம் சப்பையா இருக்குறதாலயும், நாம துருவத்துக்கு நட்ட நடுவுல போறதா ரவுண்டா வச்சுக்கிட்டதாலயும்தான். உண்மையான கோடு துருவத்துலேர்ந்து ஒரு 280 கி.மீ தள்ளிப் போகும்.

அந்தக் கோடு எதுக்கு மேலெல்லாம் போகுதுன்னா, சிங்கப்பூர்ல கிளம்பி கிட்டத்தட்ட செங்குத்தா வடக்க, தாய்லாந்து, லாவோஸ், சீனா, மங்கோலியா, அப்புறம் பைக்கால் ஏரிக்குக் கொஞ்சம் மேற்கால சைபீரியா, ஆர்க்டிக் பனிக்கடல், துருவத்தை உரசிக்கிட்டு அந்தப் பக்கம் கிரீன்லாந்தோட வடமேற்கு ஓரம், கனடாவோட பாஃபின் தீவு, கியூபெக், நியூயார்க். இதுல எத்தனை ஃப்ளைட் நெசமாவே போகுதுன்றது வேற கதை. அதை வேற யாராவது சொல்லுங்க, எனக்கு கணக்கு மட்டும்தான் வரும்.

---

காத்துவாக்குல:

நான் சொல்றேன். அந்த 16,700 யாரோ குத்துமதிப்பா போட்டது இல்ல, 2018 அக்டோபர்ல சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்த சர்வீஸை திரும்ப ஆரம்பிச்சப்போ (அப்ப நியூயார்க்குக்குப் பக்கத்துல இருக்குற நியூவார்க் ஏர்போர்ட்டுக்கு, நியூயார்க்லயே இருக்குற ஜே.எஃப்.கே ஏர்போர்ட்டுக்கு 2020 நவம்பர்ல) அவங்களே சொன்ன எண். சுமார் 16,700 கி.மீ, 18 மணி 45 நிமிஷம் வரைக்கும் ஆகலாம்னு. நியூவார்க்குக்கும் நூல் தூரம் 15,344தான். ஆக அந்தக் கூடுதல் 1,350 கி.மீ ப்ளைட் வேணும்னே சுத்திப் போற தூரம்.

எதுக்கு சுத்திப் போகணும்? காத்து பாஸ், காத்து. பத்து பன்னெண்டு கி.மீ உயரத்துல மேற்கிலேர்ந்து கிழக்கா ஜெட் ஸ்ட்ரீம்னு ஒரு ஆறு மாதிரி ஓடிக்கிட்டே இருக்கும், குளிர்காலத்துல இன்னும் வேகமா, ஜப்பானுக்குப் பக்கத்துல மணிக்கு 300 கி.மீ-க்கு மேலயே போறதுண்டு. நீங்க போட்ட 900 இருக்கு பாருங்க, அது காத்துக்குள்ள விமானத்தோட வேகம். தரைல கணக்கு பார்த்தா அதோட காத்து வேகத்தைக் கூட்டணும், இல்ல கழிக்கணும். ஓடுற ஆத்துல பரிசல் விட்ட மாதிரி, துடுப்புப் போடுறது அதே அளவுதான், ஆனா ஆத்தோட போனா எங்கயோ இருப்பீங்க, எதிர்த்துப் போனா நின்ன இடத்துலயே நிப்பீங்க.

அதனால சிங்கப்பூர்லேர்ந்து போறப்போ பெரும்பாலும் பசிபிக் பக்கமாத் திருப்புவாங்க. ஜப்பானை ஒட்டிப் போய் அந்த ஆத்துல குதிச்சு, வட பசிபிக்கைத் தாண்டி, வட அமெரிக்கா குறுக்கால போய் நியூயார்க். தூரம் கூட, ஆனா பின்னாலேர்ந்து தள்ளிக்கிட்டே இருக்கும். துருவ வழில அந்தத் தள்ளல் கிடைக்காது.

திரும்பி வர்றப்போதான் செம காமெடி. வந்த வழியே வந்தா முழுக்க எதிர்காத்து. அதனால பல நாள் அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பா மேல, அப்படியே தென்கிழக்கா இறங்கி சிங்கப்பூர் வந்துடுவாங்க. அதாவது போறப்பவும் கிழக்கு, வர்றப்பவும் கிழக்கு. நீங்க ஆபீஸ் வேலைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள உலகத்தையே ஒரு சுத்து சுத்தி முடிச்சிருப்பீங்க, சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. எந்த வழின்னு அன்னன்னைக்கு காத்து பார்த்துத்தான் முடிவு பண்ணுவாங்க, நேத்து போன கோட்டுலயே இன்னைக்கும் போகும்னு இல்ல.

தூரம் கூடி நேரம் குறையறது ஏதோ இந்த ஒரு ரூட்டுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. ஏர் இந்தியா டெல்லி – சான் ஃபிரான்சிஸ்கோ மொதல்ல அட்லாண்டிக் வழியாதான் போயிட்டிருந்துச்சு, 13,900 கி.மீ. 2016 அக்டோபர்ல பசிபிக் பக்கம் திருப்பினாங்க, 15,300 கி.மீ. 1,400 கி.மீ அதிகம், ஆனா கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் மிச்சம், பதினாலரை மணி நேரத்துல போய் சேர்ந்துச்சு. கி.மீ-ஐ வச்சு நேரம் போடுறது எவ்ளோ வீண் வேலைன்னு இதுலயே தெரியும்.

---

மொட்டமாடி:

ஒரு டவுட் சார், தப்பா கேட்டா மன்னிச்சுக்கோங்க. பூமிதான் மேற்கிலேர்ந்து கிழக்கா சுத்துதே, அதுவும் நிலநடுக்கோட்டுல மணிக்கு 1,670 கி.மீ வேகத்துல. அப்போ மேற்கால பறந்தா ஊரே நம்மளப் பார்த்து வரணும்ல? சும்மா மேல எழும்பி ஒரே இடத்துல நின்னாலே அமெரிக்கா கீழ வந்து நிக்கணும். நீங்க என்னடான்னா கிழக்கால போனாதான் வேகம்ங்கறீங்க, ஒண்ணும் புரியல.

---

கணக்குப்பிள்ளை:

@மொட்டமாடி, இதுல மன்னிப்பு எதுக்கு, நானே காலேஜ் படிக்கிற வரைக்கும் இப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். ஓடுற ரயிலுக்குள்ள நின்னு எம்பிக் குதிச்சுப் பாருங்க, அதே இடத்துலதான் விழுவீங்க, பின் பெட்டில போய் விழ மாட்டீங்க. பூமி சுத்துறப்போ அதோட காத்தும் சேர்ந்துதான் சுத்துது, அதுக்குள்ள இருக்குற விமானமும் கிளம்புறதுக்கு முன்னாடியே அந்த வேகத்துலதான் இருக்கு. ஆக அந்த 1,670 ரெண்டு பக்கமும் கழிஞ்சு போயிடும்.

ஆனா சுத்து சம்பந்தமே இல்லாமலும் இல்ல. நிலநடுக்கோட்டுல சூடாகி எழும்புற காத்து துருவத்துப் பக்கம் போகுது, அங்க பூமியோட சுத்து வேகம் கம்மி, காத்து மட்டும் பழைய வேகத்தோட வருதுன்றதால தரைய முந்திக்கிட்டு கிழக்கால ஓடுது. அந்த ஜெட் ஸ்ட்ரீமே பூமி சுத்துறதோட குழந்தைதான்.

இன்னொண்ணு, நிறைய பேர் போறப்போ லாபம் வர்றப்போ நஷ்டம் கணக்கு சரியாப் போச்சுன்னு சொல்வாங்க, அதுவும் தப்பு. ஒரே வழில போயிட்டு வர்றதா வச்சுக்குவோம், தூரம் 15,000, வேகம் 900. காத்தே இல்லன்னா போக வர 33 மணி 20 நிமிஷம். 100 கி.மீ காத்து இருந்தா போறப்போ 1,000 வேகம், 15 மணி நேரம். வர்றப்போ 800, 18 மணி 45 நிமிஷம். கூட்டினா 33 மணி 45 நிமிஷம். 25 நிமிஷம் எங்க போச்சு? எதிர்காத்துல நீங்க அதிக நேரம் மாட்டிக்கிட்டு இருக்கீங்க, பின்காத்துல கம்மி நேரம்தான் இருக்கீங்க, அதான். எப்பவும் கைய விட்டுத்தான் போகும். அதனாலதான் அந்த ரெண்டு பக்கமும் கிழக்கால போற தந்திரம்.

---

ஜன்னல்சீட்டு:

காத்து கதைக்கு நம்ம பங்கு ஒண்ணு. 2020 பிப்ரவரில சியாரா புயல் அடிச்சப்போ பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒண்ணு நியூயார்க்லேர்ந்து லண்டன் 4 மணி 56 நிமிஷத்துல போய் இறங்கிடுச்சு. சாதாரணமா ஆறரை ஏழு மணி நேரம் ஆகும். தரை வேகம் மணிக்கு 1,300 கி.மீ-ஐத் தாண்டிடுச்சு. ஒலிய விட வேகமா போச்சான்னு அப்போ பெரிய விவாதம், போகல, காத்துக்குள்ள அதே பழைய வேகம்தான். ஒலிய மிஞ்சிப் போனது கான்கார்ட், 1996-ல அதே ரூட்டை 2 மணி 53 நிமிஷத்துல முடிச்சது, அதெல்லாம் இப்ப மியூசியத்துல நிக்குது.

அப்புறம் வான்வழி பர்மிஷன்னு ஒண்ணு இருக்கு, அத யாரும் சொல்லல. நூல் எங்க வேணா போகும், விமானம் போக முடியுமா? 2022-ல உக்ரைன் போர் ஆரம்பிச்சதும் ரஷ்யா வானத்தை நிறைய நாட்டு கம்பெனிங்களுக்கு மூடிடுச்சு. அதுல ரொம்ப அடி வாங்கினது பின்லாந்து கம்பெனி ஃபின்ஏர். ஹெல்சிங்கியிலேர்ந்து டோக்கியோ ஒன்பதரை மணி நேரத்துல போயிட்டிருந்தது, சைபீரியா மேல நேரா. இப்போ 13 மணி நேரம். ஒரு வழி நெசமாவே வட துருவத்துக்கு மேல போகுது, பயணிகளுக்கு துருவத்தைத் தாண்டினதுக்கு சர்டிஃபிகேட் வேற குடுத்தாங்க. ரெண்டு ஊரும் அதே இடத்துலதான் இருக்கு, நூலும் அதே நீளம்தான், மூணரை மணி நேரம் கூடிப்போச்சு.

ஆக @தூக்கம்கெட்டவன், உங்க ஆபீஸ் நண்பர்கிட்ட துருவம் குளோப்ல சரி, டிக்கெட்ல தப்புன்னு சொல்லுங்க. துருவ வழின்னா எரிபொருள் உறைஞ்சுடாம பாக்கணும் (ஜெட் ஏ-1 மைனஸ் 47 டிகிரி வரைக்கும்தான் தாங்கும்), நடுவுல ஏதாவது ஆச்சுன்னா இறங்க ஏர்போர்ட் வேணும், அதுக்கெல்லாம் தனியா ஏற்பாடு இருக்கு. முடியாதுன்னு இல்ல, லாபம் இருந்தாத்தான் போவாங்க.

---

கேட்நம்பர்மாறிடுச்சு:

எல்லாரும் காத்து துருவம்னு பேசிட்டு டிக்கெட்ல இருக்குற நேரம் என்னன்னு யாரும் சொல்லலயே. டிக்கெட்ல போட்டிருக்குறது பறக்குற நேரம் இல்லங்க. கேட்டை விட்டு நகர்ந்ததுலேர்ந்து அந்தப் பக்கம் கேட்ல போய் நிக்குற வரைக்கும். பிளாக் டைம்னு சொல்வாங்க. இதுல ரன்வே வரைக்கும் ஊர்ந்து போறது, வரிசைல நிக்குறது, ஏறுறப்போ இறங்குறப்போ மெதுவா போறது, அப்புறம் லேட் ஆகிட்டா பேர் கெட்டுடக் கூடாதுன்னு கம்பெனிக்காரங்க கொஞ்சம் கூட்டிப் போட்டுக்குறது எல்லாம் சேர்த்தி. 2018-ல அந்த முதல் ஃப்ளைட்டே 18 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் போய் சேர்ந்துச்சு. அதனால வகுத்தல் போட்டு 900-ஐ வச்சு சண்டை போடாதீங்க. சின்ன ரூட்டுக்கு இது இன்னும் மோசம், ஒரு மணி நேரம் பறக்குறதுக்கு டிக்கெட்ல ஒண்ணே முக்கால் போட்டிருப்பான்.

அந்த 12 மணிக்கு கிளம்பி 5.45-க்கு இறங்குற மேட்டர்: ரெண்டுமே அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் ஜி.எம்.டி-க்கு 8 மணி நேரம் முன்னாடி, நியூயார்க் குளிர்காலத்துல 5 பின்னாடி, வித்தியாசம் 13. நைட்டு 12-ஓட 18.45-ஐக் கூட்டினா சிங்கப்பூர்ல சாயந்திரம் 6.45, அதுல 13-ஐக் கழிச்சா விடிகாலை 5.45. கோடைல அங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வச்சுடுவாங்க, அப்போ 12-தான் வித்தியாசம். திரும்பி வர்றப்போ இதுக்கு வட்டியோட வசூல் பண்ணிடுவாங்க, நைட்டு 10 மணிக்கு அங்க ஏறினா ரெண்டு தேதி தள்ளி விடிகாலைல இங்க இறங்குவீங்க, நடுவுல ஒரு முழு நாள் காலண்டர்ல காணாமப் போயிடும். பிறந்தநாள், பணம் கட்ட கடைசி தேதி எதுவும் அதுல மாட்டாம பாத்துக்கோங்க, நான் மாட்டியிருக்கேன்.

வேற யாராவது இந்தத் த்ரெட்டைப் படிச்சு டிக்கெட் போடப் போறீங்கன்னா ஒண்ணு சொல்லிடறேன், டைரக்ட் வேற நான்ஸ்டாப் வேற. டைரக்ட்னா ஃப்ளைட் நம்பர் மாறாது, அவ்ளோதான், நடுவுல இறங்கலாம். இதே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்ல ஃபிராங்க்ஃபர்ட்ல நின்னு நியூயார்க் போற ஒண்ணு இருக்கு. சிங்கப்பூர் – ஃபிராங்க்ஃபர்ட் சுமார் 10,300 கி.மீ, அங்கேர்ந்து நியூயார்க் 6,200. கூட்டிப் பாருங்க, 16,500. நிக்காமப் போறது பசிபிக் சுத்திப் போற தூரமும் கிட்டத்தட்ட அதேதான்! ஆனா இது எதிர்காத்து, அதோட இறங்கி ஏறணும், மொத்தம் ஒரு நாளை ஒட்டி ஆயிடும்.

இன்னொரு தடவை ஒரே டிக்கெட்னு நினைச்சு ரெண்டு தனி டிக்கெட் வாங்கித் தொலைச்சேன், நடுவுல மூணு மணி நேரம் இருந்துச்சு, முதல் ஃப்ளைட் ரெண்டு மணி நேரம் லேட். ஓடிப் போய் கவுண்டர்ல நின்னா அந்தப் பொண்ணு ஸ்க்ரீனைப் பார்த்துட்டு, சார் எங்களைப் பொறுத்தவரைக்கும் நீங்க வரவே இல்லன்னு சொல்லுது. முழு டிக்கெட் காசும் போச்சு. ஒரே புக்கிங்ல இருந்தா அடுத்த ஃப்ளைட்ல அவங்களே ஏத்தி விட்டிருப்பாங்க. கி.மீ பாக்குறதை விட இதைப் பாருங்க.

---

காத்துவாக்குல:

கேட்நம்பர் அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. ஒண்ணே ஒண்ணு சேர்த்துக்கறேன், இவ்ளோ தூரம் ஒரே மூச்சுல போறது இன்னும் லேசுப்பட்ட வேலை இல்ல. இந்த ரூட்டுக்குப் போற ஏர்பஸ் ஏ350-900 யூ.எல்.ஆர்-ல (ரொம்ப தூரம் பறக்குறதுக்குன்னே மாத்தி செஞ்ச ரகம்) 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும், சாதாரண ஏ350-900-ல 1,41,000. கிளம்புறப்போ மொத்த எடை 280 டன் வரைக்கும், டேங்க் நிறைச்சா அதுல பாதிக்குக் கிட்ட எரிபொருள்தான். அதாவது எரிபொருளைத் தூக்கிட்டுப் போறதுக்கே எரிபொருள். அதனால சீட்டைக் குறைச்சு 161-தான் வச்சிருக்காங்க, 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி, சாதா எகானமியே கிடையாது. இதுக்கு முன்னாடி 2004-லேர்ந்து 2013 வரைக்கும் நாலு எஞ்சின் ஏ340-500-ஐ வச்சு இதே ரூட்டை ஓட்டினாங்க, கடைசில 100 பிசினஸ் சீட்டு மட்டும் வச்சுப் பார்த்தும் எண்ணெய் செலவு தாங்காம நிறுத்திட்டாங்க. ரெண்டு எஞ்சின் வந்ததும்தான் திரும்ப உயிர் வந்துச்சு.

இதை விட நீளமா ஆஸ்திரேலியாவோட குவான்டாஸ் திட்டம் போட்டிருக்கு, சிட்னி – லண்டன், நூல் தூரமே 17,016. 2019-ல சோதனைக்குன்னு 50 பேர் வாக்குல ஏத்திக்கிட்டு லண்டன்லேர்ந்து சிட்னிக்கு 19 மணி 19 நிமிஷத்துல பறந்தாங்க. 1947-ல இதே குவான்டாஸ் இந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல சர்வீஸ் ஆரம்பிச்சப்போ நாலு நாள் ஆச்சு, நைட்டு இறங்கித் தூங்கிட்டுப் போவாங்களாம். உங்க 18 மணி நேரத்துக்கு அழறதுக்கு முன்னாடி அவங்கள நினைச்சுக்கோங்க.

---

தூக்கம்கெட்டவன்:

அடேங்கப்பா, இவ்ளோ பேர் வந்து இவ்ளோ எழுதுவீங்கன்னு நினைக்கவே இல்ல. அக்கா பையன்கிட்ட குளோப் வாங்கி நூல் வச்சுப் பார்த்தேன், கணக்குப்பிள்ளை சார் சொன்ன மாதிரியே வழுக்கிக்கிட்டு உச்சில அந்தக் குளோபைப் பிடிச்சிருக்குற திருகாணி இருக்குல்ல, அதுல போய் முட்டிக்கிட்டு நிக்குது. பையன் நூலைப் பிடுங்கி எல்லா ஊர்லேர்ந்தும் எல்லா ஊருக்கும் இழுத்துக்கிட்டிருக்கான், குளோப் இனிமே திரும்பக் கிடைக்காது.

ஒரே ஒரு கேள்வி, 18 மணி நேரம் உக்காந்தா கால் வீங்குமாமே?

---

ஜன்னல்சீட்டு:

வீங்கும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நடங்க, தண்ணி குடிங்க, ஷூவைக் கழட்டினா கடைசில திரும்ப மாட்டுறது கஷ்டம், லூசா ஏதாவது போட்டுட்டுப் போங்க. முன்னாடியே ரத்தக்கட்டு பிரச்சினை இருந்தா டாக்டரைக் கேட்டுக்கோங்க. இத்தனைக்கும் அந்த விமானத்துக்குள்ள காத்தழுத்தத்தை 6,000 அடி உயரத்துல இருக்குற மாதிரிதான் வச்சிருப்பாங்க, பழைய விமானங்கள்ல அது 8,000 வரைக்கும் போகும், அதை விட இதுல அசதி கம்மியாத்தான் தெரியும். என் பேரு ஜன்னல்சீட்டா இருந்தாலும் உங்களுக்கு நடைபாதை சீட்டுதான் சொல்வேன்.

---

தூக்கம்கெட்டவன்:

போய் சேர்ந்துட்டேன் மக்களே, ரூம்ல உக்காந்து டைப் பண்றேன், இங்க விடிஞ்சுடுச்சு எனக்கு சாயந்திரம்.

காத்துவாக்குல சொன்னது அப்படியே நடந்துச்சு. முன்னாடி ஸ்க்ரீன்ல மேப்பை வச்சுக்கிட்டு பைத்தியம் மாதிரி பார்த்துட்டே இருந்தேன், பக்கத்து சீட்டுக்காரர் படம் பார்க்குறார் நான் நம்பர் பார்க்குறேன். கிளம்பின புதுசுல தரை வேகம் 880, 900ன்னு காட்டுச்சு. ஜப்பானுக்குக் கீழ வந்ததும் 1,050, அப்புறம் 1,120, ஒரு கட்டத்துல 1,184-ன்னு வந்துச்சு, போட்டோ எடுத்து வச்சிருக்கேன். வெளிய மைனஸ் 58. லேசா குலுங்குச்சு, ஆத்துல பரிசல்னு சொன்னீங்கல்ல அது ஞாபகம் வந்து தனியா சிரிச்சேன். தேதிக்கோட்டைத் தாண்டினப்போ ஒண்ணுமே நடக்கல, ஏதாவது அறிவிப்பாச்சும் பண்ணுவாங்கன்னு பார்த்தேன். துருவம் எல்லாம் கண்ணுலயே படல, அலாஸ்காவுக்கு ரொம்பக் கீழயே கடலைத் தாண்டிட்டோம்.

சக்கரம் தரைல பட்டப்போ மணி 4.50. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் சீக்கிரம்! ஆபீஸ் நண்பருக்கு மெசேஜ் போடலாம்னு போனைக் கையில எடுத்தேன், அப்போதான் கேப்டன் மைக்ல சொல்றார், நாம சீக்கிரம் வந்துட்டோம், நமக்கான கேட்ல இன்னொரு விமானம் நிக்குது, கொஞ்சம் பொறுத்துக்கோங்கன்னு. 45 நிமிஷம் அப்படியே நின்னோம். கேட்ல போய் நின்னப்போ 5.43.